படகு அவுட்டிரைவுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கறது எப்படி: கழட்டறதுல இருந்து தண்ணில இறக்கற வரைக்கும்

மூணு வருஷம் முன்னாடி வாங்குன பழைய படகு, 19 அடி, 3.0 லிட்டர் மெர்க்குரூசர் எஞ்சின், பின்னாடி ஆல்ஃபா ஒன் ஜென் டூ டிரைவ். கனடாவுல சிம்கோ ஏரிக்குப் பக்கத்துல வீடு, அதனால மே கடைசில இறக்கி செப்டம்பர் கடைசி வரைக்கும் ஓட்டுவோம், மிச்ச மாசமெல்லாம் அது வீட்டு வாசல்ல தார்ப்பாய் போத்திக்கிட்டுத் தூங்கும். முதல் வருஷமே டிரைவ்ல பெயிண்ட் உரிஞ்சு அங்கங்க வெள்ளையா பூத்துப்போய் இருந்துச்சு. சரி இதுல என்ன பெரிய வித்தைன்னு கடையில கெடச்ச ஏதோ ஒரு கறுப்பு ஸ்ப்ரே டப்பாவ வாங்கி, லேசா உப்புத்தாள் போட்டு, ஒரே மதியத்துல அடிச்சு முடிச்சிட்டேன். பாக்க ஷோரூம் பீஸ் மாதிரி இருந்துச்சு. ஜூலை மாசம் தோசைக்கல்லுல இருந்து தோசைய எடுக்கற மாதிரி அப்படியே தகடு தகடா வந்துச்சு. அதுக்கப்புறம் உக்காந்து கத்துக்கிட்டு ரெண்டாவது தடவ ஒழுங்கா பண்ணினேன், அது இன்னும் நிக்குது. அந்த ரெண்டாவது தடவ பண்ணினதத்தான் இங்க எழுதறேன்.

அவுட்டிரைவ்னா என்னனு தெரியாதவங்களுக்கு கொஞ்சம். நம்ம ஊர் ஃபைபர் போட்ல பின்னாடி தொங்கற அவுட்போர்டுல எஞ்சின், கியர், ப்ரொப்பல்லர் எல்லாமே வெளிய இருக்கும். விசைப்படகுல எஞ்சின் உள்ள, ஷாஃப்ட் மட்டும் அடிவழியா வெளிய போகும். இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் அவுட்டிரைவ், எஞ்சின் படகுக்குள்ள, கியரும் ப்ரொப்பல்லரும் சேர்ந்த அலுமினியக் கால் ஒண்ணு பின்பலகைக்கு வெளிய. ஸ்டெர்ன் டிரைவ்னும் சொல்லுவாங்க. 1959-ல வால்வோ பென்டா அக்வாமேட்டிக்ங்கற பேர்ல கொண்டு வந்தாங்க, 1961-ல மெர்க்குரூசர் வந்துச்சு, அதுக்கப்புறம் வட அமெரிக்கா ஏரிகள்ல குடும்பத்தோட சுத்தற படகுகள்ல இது ரொம்ப பரவலாச்சு.

இந்தக் கால் முழுக்க அலுமினியம், அங்கதான் எல்லா வம்பும். அலுமினிய சட்டில புளிக்கொழம்பு வெச்சா என்ன ஆகும்னு நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரியும். இங்க புளிக்கு பதிலா ஏரித் தண்ணி, அதோட கூடவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ப்ரொப்பல்லர், ஸ்டீல் ஷாஃப்ட் எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது. ரெண்டு வேற வேற உலோகம் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு தண்ணில நின்னா அது ஒரு பேட்டரி மாதிரிதான், அதுல எளச்சவன் கரைவான், இங்க எளச்சவன் அலுமினியம். அத காப்பாத்தத்தான் அதவிட எளச்ச ஒருத்தன பலி குடுக்கறோம், அதான் ஆனோடு. ஆனோடு கரைஞ்சா டிரைவ் பொழைக்கும். பெயிண்ட் அதுக்கு மேல போத்தற சட்டை, அவ்வளவுதான். என் டிரைவ்ல பெயிண்ட் உரிஞ்சதுக்கு நான் பெயிண்டையே திட்டிக்கிட்டு இருந்தேன், உண்மையில முன்னாடி வெச்சிருந்தவர் ஆனோடு மேலயும் சேத்து கறுப்பு அடிச்சு வெச்சிருக்கார், மூடி போட்ட ஆனோடு எப்படி வேலை செய்யும். அதனால பெயிண்ட் டப்பாவ கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஏன் உரிஞ்சதுன்னு கண்டுபிடிங்க, இல்லன்னா அடுத்த வருஷமும் இதே வேலைதான்.

எப்ப பண்றது

இங்க அக்டோபர் ரெண்டாவது திங்கள் தேங்ஸ்கிவிங் வரும், அதோட பெரும்பாலானவங்க படக மேல ஏத்திடுவாங்க. ஜனவரில அதே ஏரி மேல குடிசை போட்டு ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் புடிச்சிக்கிட்டு இருப்பாங்க, அந்தக் குளிர்ல வெளிய பெயிண்ட் அடிக்கற பேச்சுக்கே இடமில்ல. பெரும்பாலான ஸ்ப்ரே பெயிண்டுக்கு 10 டிகிரி செல்சியஸுக்கு மேல வேணும், அதுவும் காத்தோட சூடு மட்டும் இல்ல, உலோகமும் அந்த சூட்டுல இருக்கணும். ராத்திரி 2 டிகிரில கெடந்த டிரைவ் காலைல வெயில் வந்தவுடனே சூடாகிடாது, அதுமேல கண்ணுக்குத் தெரியாம பனி ஈரம் இருக்கும்.

என் வழி இதுதான்: செப்டம்பர் கடைசில படக எடுத்தவுடனே கழுவி, ஆயில் பாத்து, சொரண்டற வேலைய முடிச்சிடறது. பெயிண்ட் அப்பவே 15 டிகிரி இருக்கற ரெண்டு நாள் கெடச்சா அடிக்கறது, கெடைக்கலன்னா டிரைவ கழட்டி சூடு உள்ள கராஜுக்குள்ள கொண்டு போறது. சொரண்டி வெத்து அலுமினியமா குளிர்காலம் முழுக்க வெளிய விட்டுட்டு மே மாசம் பாத்துக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, அப்ப மறுபடி முதல்ல இருந்து சொரண்டணும்.

கழட்டணுமா வேணாமா

கழட்டாமலும் அடிக்கலாம், படக ட்ரெய்லர்ல வெச்சு டிரைவ கீழ எறக்கி விட்டா எல்லா பக்கமும் கை போகும், முன்பக்கம் பெல்லோஸ், அதாவது படகுக்கும் டிரைவுக்கும் நடுவுல இருக்கற மடிப்பு மடிப்பான ரப்பர் உறை, அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் சிரமம். ஆனா எப்படியும் ரப்பர் பெல்லோஸையும், எஞ்சின்ல இருந்து டிரைவுக்கு வர்ற ஷாஃப்ட தாங்கற கிம்பல் பேரிங்கையும் பாக்க டிரைவ கழட்ட வேண்டியிருக்கும், அந்த வருஷத்தோட இத சேத்து வெச்சிக்கிட்டா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

ஆல்ஃபா ஒன்ல கழட்டறதுக்கு முதல்ல லீவர ஃபார்வேர்ட் கியர்ல போடணும், இத மறந்துட்டு முக்கி முக்கி இழுக்கற ஆளுங்கள பாத்திருக்கேன். மெர்க்குரூசரோட இன்னொரு மாடலான ப்ராவோ டிரைவ்னா நியூட்ரல். அப்புறம் ரெண்டு பக்கமும் டிரைவ மேல தூக்கி எறக்கற ட்ரிம் சிலிண்டரோட பின் முனைய கழட்டி, ஸ்பீடோமீட்டர் குழாய் இருந்தா பிரிச்சு, சுத்தி இருக்கற 6 நட்டையும் எடுத்தா பின்னாடி நேரா வரும். எடை 45 கிலோ கிட்ட இருக்கும், அரிசி மூட்டை மாதிரி கட்டிப்பிடிச்சு தூக்கிடலாம்னு தோணும், தோணட்டும், தூக்காதீங்க. ரெண்டு பேர் இருங்க, இல்ல எஞ்சின் தூக்கற ஹாய்ஸ்ட் வாடகைக்கு எடுங்க. மரச்சட்டத்துல முக்காலி மாதிரி ஒண்ணு அடிச்சு வெச்சா அதுல நிக்க வெச்சு சுத்தி சுத்தி வேலை செய்யலாம். வால்வோ பென்டால கழட்டற முறையே வேற, அதுக்கு அதோட மேனுவல பாத்துக்கங்க.

பெயிண்டுக்கு முன்னாடி கியர் ஆயில்

இத முதல்ல செய்யணும்னு நான் அடிச்சுச் சொல்றேன், ஏன்னா பெயிண்ட் அடிச்சப்புறம் ஆயில எடுத்தா புது பெயிண்ட் மேல வழியும், அதவிட முக்கியம், ஆயில்ல பிரச்சனை இருந்தா டிரைவ பிரிக்க வேண்டி வரும், அப்ப அடிச்ச பெயிண்ட் எல்லாம் வீண்.

கீழ உள்ள டிரெயின் ஸ்க்ரூவ கழட்டி, அப்புறம் மேல உள்ள வென்ட் ஸ்க்ரூவ கழட்டினா ஆயில் வரும். பால் காப்பி மாதிரி வந்தா தண்ணி உள்ள போயிருக்கு, சீல் போயிடுச்சுன்னு அர்த்தம். பிரஷர் டெஸ்ட் பண்ணி எங்க கசியுதுன்னு பாத்து சரி பண்ணின அப்புறந்தான் மிச்ச வேலை. அதோட இங்க குளிர்காலத்துல உள்ள இருக்கற தண்ணி உறைஞ்சா டிரைவ் வெடிக்கவே வெடிக்கும், அப்ப பெயிண்ட் அடிக்க டிரைவே இருக்காது. ஆயில் நல்லா இருந்தா புதுசு அடிலேர்ந்து பம்ப் பண்ணி மேல வென்ட் வழியா வர்ற வரைக்கும் ஏத்தி, ஸ்க்ரூவுக்கு புது வாஷர் போட்டு மூடிடுங்க.

அதே சாக்குல ப்ரொப்பல்லரையும் கழட்டிடுங்க. சாவிய எடுத்து பேட்டரி வயர பிரிச்சிட்டு, ப்ளேடுக்கும் மேல் தகட்டுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டை வெச்சா சுத்தாது. பின்னாடி ஷாஃப்ட்ல மீன் தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னு பாருங்க, சிம்கோல எத்தன பேர் தூண்டில் போடறாங்கன்னு அப்பத்தான் தெரியும். அந்த நரம்பு மெதுவா உள்ள போய் சீல அறுத்துடும், பாதி பேருக்கு ஆயில் பாலா வர்றது இதனாலதான்னு என் கணிப்பு.

கழுவறது, அப்புறந்தான் சொரண்டறது

வரிசை மாறக்கூடாது. அழுக்கும் கிரீஸும் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டா கிரீஸ உலோகத்துக்குள்ள தேச்சு ஏத்தறோம், அப்புறம் என்ன செஞ்சாலும் அந்த இடத்துல பெயிண்ட் புடிக்காது. முதல்ல பாத்திரம் தேய்க்கற சோப்பும் வெந்நீரும், அப்புறம் கிரீஸ் எடுக்கற சால்வென்ட். சால்வென்ட்டுக்கு ரெண்டு துணி வேணும், ஒண்ணுல நனைச்சு தொடச்சு, அது காயறதுக்குள்ள இன்னொரு சுத்தமான துணில தொடச்சு எடுக்கணும். ஒரே துணிய வெச்சு தொடச்சா அழுக்க இடம் மாத்தி வெக்கறோம், அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப் பனியன் வேஸ்ட் நல்லாத்தான் இருக்கும், எண்ணெய் பட்டது வேணாம், புதுசு எடுங்க.

சிப்பி ஒட்டியிருந்தா, அதாவது ஸீப்ரா மஸல், ப்ளாஸ்டிக் கரண்டியால சொரண்டுங்க. நாங்க இருக்கற ஒண்டாரியோ மாகாணத்துல 2022 ஜனவரி 1-ல இருந்து படக ரோட்டுல எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி பாசி, சிப்பியெல்லாம் எடுத்து, தண்ணி ப்ளக்க கழட்டி வடிக்கணும்னு சட்டம், அதனால இந்த வேலைல பாதிய படகு ஏத்தற எறக்கற ரேம்ப்லயே முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வரணும்.

இப்ப ஆனோடெல்லாம் கழட்டுங்க. ப்ரொப்பல்லருக்கு மேல கிடையா இருக்கற தகட்டுல துடுப்பு மாதிரி தொங்கற ட்ரிம் டேப், ப்ரொப்பல்லருக்குப் பின்னால பேரிங் கேரியர்ல இருக்கறது, ட்ரிம் சிலிண்டர் மேல இருக்கறதுன்னு வேற வேற எடத்துல இருக்கும். ட்ரிம் டேப் எந்த கோணத்துல இருக்குன்னு மார்க்கர்ல ஒரு கோடு போட்டுட்டு கழட்டுங்க, ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்காம பாத்துக்கறது அந்தக் கோணந்தான். பாதிக்கு மேல கரைஞ்சிருந்தா புதுசு போடணும். கொஞ்சமும் கரையாம புதுசு மாதிரியே இருந்தா சந்தோஷப்படாதீங்க, அது வேலையே செய்யலன்னு அர்த்தம், அத வெச்சுத்தான் என் டிரைவோட நோய கண்டுபிடிச்சேன்.

இப்ப சொரண்டறது. மாஸ்க் போடாம ஆரம்பிக்காதீங்க, சாதாரண துணி மாஸ்க் இல்ல, பி100 ஃபில்டர் உள்ளது. அலுமினியத்துக்கு அந்தக் காலத்துல ஜிங்க் க்ரோமேட் பிரைமர் நிறைய உபயோகிச்சாங்க, மஞ்சளும் பச்சையும் கலந்த மாதிரி இருக்கும், அது புற்றுநோய் வரவைக்கற சமாச்சாரம். பழைய பெயிண்டுக்கு அடில அந்தக் கலர் தெரிஞ்சா தண்ணி தொட்டுத் தேய்ங்க, தூசி பறக்க விடாதீங்க, கீழ ப்ளாஸ்டிக் ஷீட்ட விரிச்சு அள்ளி பத்திரமா அப்புறப்படுத்துங்க.

நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கற பெயிண்ட எடுக்கணும்னு அவசியமே இல்ல, அதவிட நல்ல அடித்தளம் நம்மளால போட முடியாது. உரிஞ்ச இடம், கொப்புளம் வந்த இடம், வெள்ளையா பூத்த இடம், இத மட்டும் வெத்து உலோகம் வரைக்கும் போகணும். கொப்புளம் சின்னதா இருக்கேன்னு விடாதீங்க, ஓரத்துல பட்டி கரண்டிய விட்டு நெம்பினா உள்ளங்கை அளவுக்கு அடில வெள்ளைப் பொடி பரவியிருக்கும். பெயிண்ட் தானா இறுக்கிப் பிடிச்சிருக்கற இடம் வரைக்கும் நெம்பிக்கிட்டே போங்க.

அலுமினியத்துக்கு சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் போடக்கூடாது, ஸ்டீல் வுல்லும் கூடாது. அதுல இருந்து உடையற இரும்புத் துணுக்கு அலுமினியத்துல பொதைஞ்சு அங்கயே அரிப்ப ஆரம்பிச்சு வெக்கும், நோயாளிக்கு வைத்தியம் பாக்கறேன்னு விஷம் குடுக்கற மாதிரி. ஸ்டெயின்லெஸ் பிரஷ் போடலாம், இல்ல ஸ்காட்ச் ப்ரைட், இல்ல ட்ரில்லுல மாட்டற ப்ளாஸ்டிக் முள் டிஸ்க், இதுல கடைசியா சொன்னது கொஞ்சம் காசு ஆனாலும் நேரத்த பாதியா கொறைக்கும். பூத்த இடத்துக்கு 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120, 180, ஓரத்துக்கு 220-ல இருந்து 320. ஓரத்துல விரல் வெச்சு தடவினா படி மாதிரி தட்டக்கூடாது, பழைய பெயிண்ட்ல இருந்து உலோகத்துக்கு சரிவா எறங்கணும். நல்ல பெயிண்ட் இருக்கற இடத்தயும் 320-ல பளபளப்பு போற வரைக்கும் லேசா தேய்ங்க.

குழில உள்ள வெள்ளப் பொடிதான் பெரிய எதிரி. ஒரு குழில கொஞ்சம் விட்டா கூட பெயிண்டுக்கு அடில அது வேலைய தொடரும். மொன ஊசி மாதிரி எதாவது வெச்சு ஒவ்வொரு குழியா நோண்டி, பளபளன்னு உலோகம் தெரியற வரைக்கும் பாத்தேன், இதுக்கே ஒரு முழு சனிக்கிழமை போச்சு.

பட்டி பாக்கறது

சின்னக் குழிக்கு எபாக்சி பட்டி, மரைன் டெக்ஸ் மாதிரி. கார் டிங்கரிங்ல போடற பாலியஸ்டர் பட்டி தண்ணிக்கடில நிக்காது, அது வேணாம். வெத்து உலோகத்து மேல நேரா போடணும், எட்ச் பிரைமர் அடிச்சிட்டு அதுமேல போடக்கூடாது, எட்ச்ல உள்ள ஆசிட் எபாக்சிய ஒழுங்கா இறுக விடாது. ஒரு ராத்திரி விட்டு, மேல வழவழன்னு எண்ணெய் மாதிரி ஒரு படலம் வந்திருந்தா சோப்புத் தண்ணில கழுவிட்டுத் தேய்ங்க.

டிரைவோட அடில மீன் துடுப்பு மாதிரி நிக்கறது ஸ்கெக். ஹூரான் ஏரியோட ஜார்ஜியன் பேல பாறைக்கு நடுவுல ஓட்டினவங்க யாருக்கும் அது முழுசா இருந்து நான் பாத்ததில்ல. நகம் அளவு ஒடஞ்சிருந்தா அரத்தால ராவி விட்டுட்டு பெயிண்ட் அடிச்சிடுங்க. விரல் நீளத்துக்குப் போயிருந்தா பட்டி நிக்காது, அலுமினியம் வெல்டிங் தெரிஞ்ச ஆள்கிட்ட போகணும், சூட்டுல சீல் கெடலாம்னு அவர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க. மேல மாட்டற ஸ்டெயின்லெஸ் உறை விக்குது, எனக்கு அதுல இஷ்டமில்ல, அலுமினியத்துக்குப் பக்கத்துல இன்னொரு ஸ்டெயின்லெஸ்ஸ நாமளே கொண்டு போய் ஒட்டறோம்.

மறைக்க வேண்டியத மறைக்கறது

ரப்பர் பெல்லோஸ் எதுலயும் பெயிண்ட் படக்கூடாது. ட்ரிம் சிலிண்டர்ல பளபளன்னு உள்ள போய் வர்ற தண்டு, கிரீஸ் அடிக்கற நிப்பிள், ட்ரிம் சென்சார், ப்ரொப்பல்லர் ஷாஃப்டோட பல்லு, ஆயில் ஸ்க்ரூ தலை, சீரியல் நம்பர் ஸ்டிக்கர், இதெல்லாம் டேப் போட்டு மூடுங்க. தண்ணி உறிஞ்சற ஜல்லடை ஓட்டைல பெயிண்ட் அடைச்சா எஞ்சின் சூடாகும், அங்க லேசா அடிச்சிட்டு ஈரத்துலயே ஓட்டைய குத்தி விட்டுடுங்க. டிரைவோட முன் விளிம்புல பொத்தல் மாதிரி ஒண்ணு இருந்தா அது ஸ்பீடோமீட்டருக்கு, அதுல ஒரு பல்குத்தும் குச்சிய சொருகிடுங்க.

மெர்க்கேத்தோடு இருந்தா அதோட மூஞ்சில பெயிண்ட் படவே கூடாது, அது பேட்டரில இருந்து சின்னதா கரண்ட்ட அனுப்பி அரிப்ப தடுக்கற கருவி, மூடிட்டா குருடு. இதெல்லாத்தையும் விட முக்கியம், ஆனோடு உக்கார்ற இடம். ஆனோடு மட்டும் இல்ல, அது டிரைவத் தொடற பரப்பும், அந்த போல்ட்டு மரையும் வெத்து உலோகமா இருக்கணும். அங்க பெயிண்ட் இருந்தா ஆனோடு ஒரு ஓரமா தொங்கற அலங்காரம்தான். டிரைவுக்கும் பின்பலகை பாகத்துக்கும் நடுவுல ஓடற சின்ன எர்த் வயர் முனைகளுக்கும் இதே கதைதான்.

பிரைமர்

கடைசியா ஒரு தடவ சால்வென்ட் துடைப்பு, அப்புறம் ஒரு சோதனை. சுத்தமான தண்ணிய மேல தெளிங்க. தண்ணி தாள் மாதிரி ஒரே பரப்பா பரவினா சுத்தம், தாமரை இலைத் தண்ணி மாதிரி முத்து முத்தா நின்னா இன்னும் கிரீஸ் இருக்கு, மறுபடி தொடைங்க. பாத்துட்டு நல்லா காய விட்டு ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்குள்ள பிரைமர் போட்டுடணும், அலுமினியம் காத்து பட்டவுடனேயே மேல ஆக்சைடு போட ஆரம்பிச்சுடும். கைரேகை பட்டாலும் கொப்புளம் வரும், கையுறை போட்டுக்குங்க.

எந்த பிரைமர்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. டிரைவ் கம்பெனியோட சொந்த ஸ்ப்ரே பிரைமர் எடுக்கலாம், ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் எடுக்கலாம், எட்ச் பிரைமர் அடிச்சு அதுமேல கலர் அடிக்கலாம். நான் எடுத்தது 2கே எபாக்சி பிரைமர், அதாவது ரெண்டு பொருள் கலந்து இறுகறது, டப்பாவோட அடில ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினா உள்ள ஹார்டனர் ஒடஞ்சு கலக்கும், கலந்துட்டா ஓரிரு நாளைக்குள்ள முடிச்சாகணும். தண்ணிக்கடில நிக்கறதுக்கு எபாக்சிதான் எனக்கு நம்பிக்கை. எட்ச் மேல எபாக்சிய அடிக்காதீங்க, டப்பால அடிக்கலாம்னு எழுதியிருந்தா ஒழிய. எந்த 2கே டப்பாவுக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் கட்டாயம், கராஜ் கதவ தொறந்து வெச்சு ஃபேன் ஓட விடுங்க, வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ் மாதிரி நெருப்பு எரியற எதுவும் பக்கத்துல எரியக்கூடாது.

டப்பாவ வெதுவெதுப்பான தண்ணி பக்கெட்ல பத்து நிமிஷம் வெச்சா பெயிண்ட் பூ மாதிரி வரும், கொதிக்கற தண்ணி வேணாம். 20, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சு, டிரைவுக்கு வெளிய ஆரம்பிச்சு வெளியவே முடிக்கணும், நடுவுல நிறுத்தினா அங்க வழியும். முதல்ல விளிம்பு, ஸ்கெக் ஓரம், மூலை முடுக்கு, அப்புறந்தான் தட்டையான பக்கம். விளிம்புல பெயிண்ட் மெலிசாத்தான் நிக்கும், உரியறதும் அங்கதான் ஆரம்பிக்கும், அதனால அங்க ஒரு கோட்டிங் சேத்து. மொதல் கோட்டிங் பனி படிஞ்ச மாதிரி லேசா, உலோகம் தெரிஞ்சாலும் பரவால்ல. பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு அடுத்தது. நான் மூணு கோட்டிங் அடிச்சேன், மறுநாள் தூசி ஒட்டின எடத்த 400-ல லேசா தேச்சு தொடச்சேன்.

கலர்

மெர்க்குரூசர் கறுப்புக்கு ஃபேன்டம் ப்ளாக்னு பேரு, வேற கறுப்பு அடிச்சா டிரைவும் மேல உள்ள பாகமும் வேற வேற கறுப்பா தெரியும், கறுப்புலயும் நூறு கறுப்பு இருக்குன்னு அப்பத்தான் புரியும். அடிக்கற விதம் பிரைமர் மாதிரியேதான், மூணு நாலு மெல்லிசு கோட்டிங். இங்க ஒரு பொறி இருக்கு. எனாமல் டப்பால பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள அடுத்த கோட்டிங், இல்லன்னா ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுன்னு எழுதியிருக்கும். அந்த நடுவுல உள்ள நேரத்துல அடிச்சா அடில பாதி காஞ்ச பெயிண்ட் பொங்கி அப்பளம் மாதிரி சுருங்கும். சாப்பாட்டுக்குப் போயிட்டு மூணு மணி நேரம் கழிச்சு வந்து ஒரு கோட்டிங் போட்டேன், ஒரு பக்கம் முழுக்க அப்பளம். அந்தப் பக்கத்த மட்டும் தேச்சு எடுத்து மறுபடி பிரைமர்ல இருந்து. வழிஞ்சா ஈரத்துல தொடாதீங்க, ரெண்டு நாள் விட்டு 400-ல தண்ணி தொட்டுத் தேச்சா போயிடும்.

ஒரு மணி நேரத்துல கை வெச்சா ஒட்டாது, அத நம்பி மாட்டிடாதீங்க. நெகம் வெச்சு அழுத்தினா பள்ளம் விழாத அளவுக்கு இறுக ஒரு வாரமாவது ஆகும், குளிர் நாள்ல இன்னும் கூட. ட்ரெய்லர் பெல்ட் படற எடத்துல ஜாக்கிரதை.

பாசி புடிக்காத பெயிண்ட் வேணுமான்னு கேப்பாங்க. என் படகு மாதிரி ஓட்டிட்டு ட்ரெய்லர்ல ஏத்தி வீட்டுக்குக் கொண்டு வர்றதுன்னா வேணாம். சீசன் முழுக்க மரினால, அதாவது படகு நிறுத்தற துறைல, தண்ணிலயே நிக்குதுன்னா வேணும், ஆனா படகு அடிப்பாகத்துக்கு அடிக்கற செம்பு ஆக்சைடு கலந்தத கொண்டு வந்து டிரைவ்ல அடிச்சுடாதீங்க, செம்பு அலுமினியத்த தின்னுடும். அலுமினியத்துக்குன்னே தனியா விக்கறத மட்டும் வாங்குங்க. மரினால கரையோட கரண்ட்ல ப்ளக் போட்டு வெக்கறவங்க கால்வானிக் ஐசொலேட்டர் மாட்டியிருக்கான்னு பாத்துக்கங்க, இல்லன்னா அந்த எர்த் வயர் வழியா பக்கத்து படகுகளுக்கும் சேத்து உங்க ஆனோடு கரையும்.

திருப்பி மாட்டறது

புது ஆனோடு எது வாங்கறதுன்னா, நல்ல தண்ணிக்கு மெக்னீசியம், உப்புத் தண்ணிக்கு ஜிங்க் இல்ல அலுமினியம், ரெண்டுலயும் ஓட்டறவங்களுக்கு அலுமினியம். ஜிங்க்க ஏரில போட்டா கொஞ்ச நாள்ல மேல ஒரு தோல் கட்டிக்கிட்டு தூங்கிடும். மெக்னீசியத்த கடல்ல போட்டா வெறி புடிச்சு வேலை செய்யும், சீக்கிரம் கரைஞ்சு தீர்றதோட டிரைவ்ல பெயிண்ட்டயே கொப்புளம் கெளப்பி விட்டுடும். ஒரு டிரைவ்ல ரெண்டு வகைய கலக்காதீங்க.

உக்கார்ற எடத்த ஸ்காட்ச் ப்ரைட்ல ஒரு தடவ பளிச்சுன்னு தேச்சுட்டு இறுக்குங்க. அப்புறம் மல்டிமீட்டர எடுத்து ஒரு முனைய ஆனோடுல, இன்னொன்ன டிரைவ்ல ஏதாவது வெத்து போல்ட்டுல வெச்சு ரெசிஸ்டன்ஸ் பாருங்க. ஒரு ஓமுக்குக் கீழ இருக்கணும். இந்த ரெண்டு நிமிஷ வேலைய நான் முதல் வருஷம் செஞ்சிருந்தா இவ்வளவு எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

டிரைவ கழட்டியிருந்தா பெல் ஹவுசிங்குக்கு புது கேஸ்கெட், கிம்பல் பேரிங்குக்கும் யூ ஜாயின்ட்டுக்கும் கிரீஸ், எஞ்சின் டிரைவுக்கு நேரா இருக்கான்னு பாக்கற அலைன்மென்ட் பார் உள்ள நல்லா போகுதான்னு பாத்துட்டு, லீவர் ஃபார்வேர்டுலயே இருக்கான்னு உறுதி பண்ணிட்டு உள்ள தள்ளுங்க. 6 நட்டையும் எதிரெதிரா மாத்தி மாத்தி இறுக்கி, டார்க் ரெஞ்ச்ல 50 ஃபுட் பவுண்ட். ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்கு நல்லா கிரீஸ் தடவி நட்டு 55 ஃபுட் பவுண்ட். அப்புறம் குளிர்காலம் முழுக்க டிரைவ் கீழ எறங்கின நெலைலயே இருக்கட்டும், தூக்கி வெச்சா உள்ள தண்ணி தேங்கி உறையும், பெல்லோஸும் மடிஞ்சே கெடக்கும்.

வசந்தத்துல தண்ணில இறக்கி மூணு நாலு வாரம் கழிச்சு ஒரு தடவ வெளிய எடுத்து ஸ்கெக் ஓரமும் போல்ட்டு சுத்தியும் பாருங்க. ஆனோடு மேல லேசா சொரசொரன்னு அரிச்சிருக்கணும், பெயிண்ட்ல ஒண்ணும் இருக்கக்கூடாது. கல்லு பட்டு எங்கயாவது கீறல் விழுந்திருந்தா அன்னிக்கே தொடச்சு, தேச்சு, ரெண்டு சொட்டு பிரைமரும் கலரும் வெச்சுடுங்க, சீசன் முடியட்டும்னு விட்டா அடி வழியா ஊர்ந்து போகும். அதுக்குத்தான் மிச்சம் இருக்கற கலர் டப்பாவ தலைகீழா பிடிச்சு வெறும் காத்து வர்ற வரைக்கும் ஒரு தடவ அடிச்சு மூக்க சுத்தம் பண்ணி வெக்கணும், அதுவும் கராஜ்ல உறையற எடத்துல இல்ல, வீட்டுக்குள்ள சூடு, நெருப்பு பக்கத்துல இல்லாத ஒரு மூலைல.